ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை

அத்தியாயம் 9

இந்துவின் பொய்க்கு அந்த வியாழக்கிழமையோடு அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பெரிய பொய் என்று சொல்ல முடியாது. தான் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிப் பக்கம் ஒரு சின்னக் கிளை திறந்திருக்கிறது, இனிமேல் தினமும் அங்கே போய் வர வேண்டும் என்று வீட்டில் சொன்னாள். அவ்வளவுதான். கணவன் கௌதம்ராஜ் நம்பினான். மாமனார் காசிராஜன் நம்பினார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் கோதை, அங்கே லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

கிளை என்று ஒன்றும் கிடையாது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வெள்ளைத்தாய் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவின் வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு இரும்பு பீரோ. இந்து காலை எட்டு நாற்பதுக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஒன்பதரைக்கு அந்த மேசையில் உட்காருவாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. கோடிங் என்பார்கள். அவளுக்குக் கீழே பதினோரு பேர். மாலை ஆறரைக்கு லேப்டாப்பையும் ஆபீஸ் போனையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் கைப்பையோடு படியிறங்குவாள்.

அதற்கு முன்பு நான்கு வருடம் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தாள். நடு அறையில் ஜன்னலோரம் மேசை. வீட்டில் இருக்கிறவள் என்பதால் சிலிண்டர்காரருக்கு அவள்தான் கதவு திறந்தாள். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர்கள் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்து அம்மா, "கொஞ்சம் சூஸ்கோம்மா", பார்த்துக்கோம்மா என்று தெலுங்கு கலந்து சொல்லி, சாவியையும் மூன்று வயதுப் பேரனையும் ஒன்றாக ஒப்படைத்துவிட்டு ஜவுளிக் கடைக்குப் போனார். கம்பெனிக்கும் அதே நினைப்புதான். வீட்டில்தானே இருக்கிறாள் என்று காலை ஆறரைக்கும் கூப்பிட்டார்கள், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் கூப்பிட்டார்கள்.

போன மாசி மாதம் ஒரு நாள், கோதை பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கிடந்த கட்டிலில் படுத்தாள். இந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடிட் கூட்டத்தில் இருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டுப் பார்த்ததாகவும் அம்மா திரும்பவில்லை என்றும் கோதை டாக்டரிடம் சாதாரணமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் கௌதம்ராஜ் கோபப்படவில்லை. "வீட்டுலதான இருந்த?" என்று ஒரு தடவை கேட்டான்.  இருந்தாள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

வெளியில் ஓர் அறை பிடித்துக்கொள்கிறேன் என்று அவள் முதலில் உண்மையைத்தான் சொன்னாள். கௌதம்ராஜ் சிரித்துவிட்டான். தென்காசி ரோட்டில் பம்பு மோட்டார் கடை வைத்திருப்பவன், நாலு பேர் வந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன். இம்புட்டுப் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்குப் போய் உட்காருவாளா, கேட்கிறவன் என்ன நினைப்பான் என்றான். பத்து நாள் கழித்து அவள் கிளையைத் திறந்தாள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கம்பெனி கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்று மாமனாரே சொன்னார். தனக்கு வேண்டும் என்று கேட்டால் கிடைக்காத ஓர் அறை, கம்பெனி சொன்னது என்றதும் அன்றைக்கே கிடைத்தது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பொய் அந்த அறையோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற காசிராஜன், தேவதானத்தில் விவசாயம் பார்க்கும் தம்பி சுந்தரபாண்டியனிடம் மருமகளின் கிளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டார். தம்பி மகள் மாரிச்செல்வி பி.எஸ்ஸி முடித்திருந்தாள். அவளுக்கு அங்கே ஒரு வேலை பார்க்கலாமே என்று பேச்சு வந்தது. மாமனார் கேட்டபோது, இப்போது ஆள் எடுக்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று இந்து நழுவினாள். அவள் சொன்னதில் பார்த்துச் சொல்கிறேன் என்பது மட்டும்தான் தேவதானம் போய்ச் சேர்ந்தது.

2

வியாழக்கிழமை காலை பீரோவைத் திறந்து ஆபீஸ் போனை உயிர்ப்பித்தபோது ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் முந்தின மாலை ஏழு மணிக்கு மேல் வந்தவை. எல்லாம் விக்னேஸ்வரன்.

அவர் சென்னையில் அவளுக்கு மேலதிகாரி. பத்து மணிக்கு வீடியோவில் வந்தார். முகம் தூங்காத முகமாக இருந்தது. நேற்று மாலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இருநூற்று சொச்சம் ஃபைல் திரும்பி வந்துவிட்டதாம். இந்துவின் குழு பார்த்தவை. அவள் கிடைக்காததால் சென்னையில் இரண்டு பெண்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து முடிந்தவரை சரி செய்ய வேண்டியதாயிற்றாம். அவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். நல்லவிதமாகவே பேசினார்.

"இந்து, உங்க வேலையில நான் குறை சொல்லல. ஆனா ஆறரை ஆச்சுன்னா நீங்க காணாமப் போயிடுறீங்க. முன்னாடி இப்படி இல்லையே நீங்க?"

முன்னாடி வீட்டில் இருந்தேன் சார் என்று சொல்ல வந்தவள், சொல்லவில்லை. கம்பெனியைப் பொறுத்தவரை அவள் இன்னமும் வீட்டில்தான் இருந்தாள்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து மாலை ஏழு முதல் ஒன்பது வரை லேப்டாப்போடு தயாராக இருக்க வேண்டும். முடியாதென்றால் குழுத்தலைவர் பொறுப்பை வைத்துக்கொண்டு சென்னை ஆபீசுக்கே வந்துவிடலாம். இரண்டும் முடியாது என்றால் அதை அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம் என்ன முடிவு வரும் என்று அவரால் சொல்ல முடியாது. ஆறு மணிக்குள் மெயில் போடச் சொன்னார்.

இந்து சரி என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்த ஃபைல்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். நாற்பது ஃபைல் பார்ப்பதற்குள் தவறு பிடிபட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, எலும்பு முறிவுக்கு வலது இடது மாற்றிப் போட்டிருந்தாள். அனுப்பும் முன் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அது தன் கவனக்குறைவுதான் என்று இந்து குறித்துக்கொண்டாள். ஆனால் அது ஆறரைக்குள் நடந்த கவனக்குறைவு. அதற்கும் ஆறரைக்குப் பிறகு பீரோவைப் பூட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் நினைத்துக்கொண்டாள்.

பதினொன்றே கால் இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைத்தாய் மாடிக்கு வருகிறவர் இல்லை. முழங்கால் வலி. அன்றைக்கு ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"இந்தும்மா, உங்க மாமனார்னு சொல்லுதாவ. கூட ஒரு பிள்ளையும் வந்திருக்கு. சந்து பூராம் ஏதோ கம்பெனிய விசாரிச்சுக்கிட்டு நின்னாவளாம். ஜெராக்ஸ் கடைத் தம்பி, மாடியில ஒரு அக்காதான் தனியா கம்ப்யூட்டர் பாக்காங்கன்னு இங்க அனுப்பிட்டான்."

இந்து எழுந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைத்தாய்க்குப் பின்னால், மூன்றாவது படியில் காசிராஜன் நின்றிருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. அவருக்குக் கீழே மாரிச்செல்வி, நெஞ்சோடு ஒரு சான்றிதழ் ஃபைலை அணைத்துக்கொண்டிருந்தாள்.

3

உள்ளே வந்தவர்கள் உட்காரவில்லை. பார்ப்பதற்கு அந்த அறையில் அதிகம் இல்லை. மேசை, பீரோ, கொடியில் ஒரு துண்டு, மூலையில் தண்ணீர்க் குடம், வயர் தொங்கும் இன்டர்நெட் பெட்டி. காசிராஜன் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

மாரிச்செல்வி கேட்டாள். "மத்தவங்கல்லாம் எங்க மதினி? லீவா?"

"மத்தவங்க இல்ல மாரி. நான் மட்டுந்தான்."

"இன்னும் ஆள் போடலையா?"

இந்து இரண்டு நாற்காலிகளையும் இழுத்துப் போட்டாள். உட்காரச் சொன்னாள். அவர்கள் நின்றபடியே இருக்க, தானும் நின்றுகொண்டே சொன்னாள். கிளை கிடையாது. கம்பெனிக்கு இந்த அறை இருப்பதே தெரியாது. வீட்டில் வேலை பார்க்க முடியவில்லை. கோதைக்குக் காய்ச்சல் வந்த அன்று மனது விட்டுப்போயிற்று. வெளியே அறை பிடிக்கிறேன் என்றபோது ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இப்படிச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அறுபத்து மூன்று நாள் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே தோன்றியது.

மேசையில் ஆபீஸ் போன் அதிர்ந்தது. அவள் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

காசிராஜன் முதலில் கேட்டது, கௌதமுக்குத் தெரியுமா என்பது. தெரியாது என்றாள். வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். தன் சம்பளத்தில்தான் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கணக்குக் கேட்பது அவர் நோக்கமாக இல்லை. கேட்பதற்கு எதையாவது தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மாரிச்செல்வி ஃபைலை மேசை மேல் வைத்துவிட்டாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"மதினி, எனக்குக் கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல வேலை கிடைச்சிருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று இந்து தலையசைத்தாள்.

"பத்தாம் தேதிக்குள்ள வந்து சேரச் சொன்னாங்க. ஹாஸ்டல் கூடப் பாத்துட்டேன். எனக்குப் போகணும்னுதான் ஆசை. அப்பாதான், மதினி ஆபீசு பக்கத்துல இருக்கு, அங்க வாங்கித் தருவாக, பொம்பளப் பிள்ள எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்னு சொல்லிட்டாரு. பெரியப்பாவும் அதையேதான் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

"இப்பக் கேட்டுப் பாப்போம் மாரி. நான் பேசுதேன் அவங்ககிட்ட."

"திங்கக்கிழமையே கேட்டேன் மதினி. ஆள் எடுத்தாச்சாம்."

அழுதிருந்தால் இந்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பெண் அழவில்லை. பி.எஸ்ஸி நுண்ணுயிரியலில் எண்பத்தாறு சதவீதம் வாங்கிய பெண், நடந்ததைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறவள் போலப் பேசினாள்.

"உங்களுக்கு ஒரு ரூம் வேணும்னு சொன்னது தப்பில்ல மதினி. ஆனா என்னை எங்க வீட்டுலயே உக்கார வைக்கதுக்கு உங்க பொய்தான் அப்பாவுக்குக் கிடைச்சிருக்கு."

இந்துவுக்கு அது உறைத்தது. வீட்டுக்குள் தன்னால் வேலை பார்க்க முடியவில்லை என்று வெளியே வந்தவள், இன்னொருத்தியை வீட்டுக்குள் தள்ளிப் பூட்டியிருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொன்னாள். சொன்ன பிறகு அது போதாது என்று தெரிந்தது.  தன் கம்பெனியில் சேர முதலில் மூன்று மாதப் பயிற்சி முடிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், அதற்கப்புறமும் வேலை நிச்சயமில்லை என்று உண்மையைச் சொன்னாள். இன்னொரு தடவை பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாரிச்செல்வி கேட்டுக்கொண்டாள். ஃபைலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கீழே நிற்கிறேன் பெரியப்பா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெள்ளைத்தாயும் அவளோடு போனார்.

மாமனாரும் மருமகளும் மட்டும் அறையில் இருந்தார்கள்.

காசிராஜன் வீட்டில் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பகலில் வீட்டில் அவரும் இந்துவும் மட்டும்தான் இருப்பார்கள். அவள் வேலை பார்க்கும்போது அறைக் கதவை மெல்லத் தட்டி, திறந்து, "இந்து, வேலையா இருக்கியா?" என்று கேட்பார். இருக்கிறேன் என்று அவள் கை காட்டுவாள். அவர் போக மாட்டார். வாசல் நிலையில் கை வைத்து, அவள் முடிக்கிறவரை காத்து நிற்பார். முடித்துவிட்டு என்ன மாமா என்று கேட்டால், கரண்ட் பில் வந்திருக்கிறது என்பார். அல்லது, தெருமுனையில் யாரோ விழுந்துவிட்டார்களாம் என்பார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. ஹெட்போனைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் விட்ட வரியைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் வந்து வந்து கதவத் தட்டுனேன்லா. அதுனாலயா இந்து?"

இல்லை மாமா என்று சொல்வது மிகவும் சுலபம். அப்படிச் சொல்லிவிட்டு, கம்பெனியையும் சிலிண்டர்காரரையும் பக்கத்து வீட்டையும் காரணமாகச் சொல்லிவிடலாம். அவரும் நம்புவார். அவள் சொன்ன எல்லாவற்றையும் அவர் இதுவரை நம்பியிருக்கிறார்.

"ஆமா மாமா," என்றாள். "அதுனாலயும்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருக்கிறாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. யாரோ தெரியாத ஆள் வழி கேட்டதைப் போலப் பார்த்தார்.

"ஒரு தடவ கூடச் சொல்லலையே."

"எப்பிடிச் சொல்ல மாமா? அது உங்க வீடு."

அவர் மேசையில் வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்று இந்து குடத்தருகே போனபோது, வேண்டாம், பஸ் வந்துவிடும் என்றார். அந்த வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. இருவருக்கும் அது தெரியும்.

படியில் அவர் இறங்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

4

மதியச் சாப்பாட்டை அவள் திறக்கவில்லை. வேலையை மட்டும் பார்த்தாள். திரும்பி வந்த ஃபைல்களில் மிச்சம் இருந்ததை நான்கரைக்குள் சரி செய்து அனுப்பினாள். தவறு செய்த பெண்ணைக் கூப்பிட்டு, திட்டாமல், இனி எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். இனி எலும்பு சம்பந்தப்பட்ட ஃபைல் எல்லாம் மூன்று மணிக்குள் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று குழுவுக்கு ஒரு புது ஏற்பாடு போட்டாள்.

ஐந்தரைக்கு விக்னேஸ்வரனுக்கு மெயில் எழுதினாள். நேற்று நடந்த தவறு தன் குழுவின் தவறு, தன் பொறுப்பு, அது மறுபடி நடக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது என்று முதலில் எழுதினாள். பிறகு, காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை ஒரு நிமிடம் குறையாமல் இருப்பேன், அதற்கு மேல் இருக்க மாட்டேன், சென்னைக்கும் வர இயலாது என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை. குடும்பச் சூழ்நிலை என்று ஒரு சொல் போட்டாள். பிறகு அதையும் அழித்தாள்.

அனுப்பும் முன்னால் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் மாமனாரிடம் ஆமாம் என்று சொன்ன அளவுக்கு இது கஷ்டமாக இல்லை. அனுப்பினாள். ஆறரை வரை பதில் வரவில்லை. லேப்டாப்பையும் போனையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பதில் வந்தாலும் இனி நாளைக் காலைதான் தெரியும். சம்பளம், பதவி எல்லாம் அந்தப் பீரோவுக்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கீழே வெள்ளைத்தாய் வாசலில் நின்றிருந்தார். அந்தப் பிள்ளை செத்த நேரம் உள்ளே உட்கார்ந்து மோர் குடித்தது, நல்ல பிள்ளை என்றார். பெரியவர் உள்ளே வரவில்லை, வெயிலிலேயே நின்றார் என்றார். 

ராஜபாளையத்தில் அவள் இறங்கும்போது ஏழு மணி தாண்டியிருந்தது. சஞ்சீவி மலையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, வழக்கமாக நிற்கும் பழக்கடை ஓரத்தில் கௌதம்ராஜ் பைக்கோடு நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் மாமா சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

அவன் கேட்டது வேறு. "அப்பா உன்னய பாக்க வந்தாவளா? காலையில மாரியக் கூட்டிக்கிட்டு உன் ஆபீசுக்குப் போறேன்னு கிளம்புனாவ. இன்னும் வீட்டுக்கு வரல. ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேங்காவ."

"வந்தாவ. பன்னெண்டு மணிக்கெல்லாம் கிளம்பிட்டாவ."

"பொறவு எங்க போனாவ?"

பழக்கடைக்காரர் விளக்கைப் போட்டார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே திரும்பியது. இந்து அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பகலில் சொன்னதை இரண்டாவது முறையாகச் சொன்னாள். இந்தத் தடவை மாரிச்செல்வி சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாமா கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னாள்.

கௌதம்ராஜ் பைக் மேல் உட்கார்ந்தபடியே கேட்டான். அவள் முடித்ததும், "ரெண்டு மாசமா தினமும் இங்க வந்து நின்னு உன்னயக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். அதற்கு மேல் அந்த வாக்கியத்தை அவன் கொண்டு போகவில்லை.

"நான் மொதல்ல கேட்டேன்லா உங்ககிட்ட. சிரிச்சீங்க."

"சிரிச்சேன்," என்று ஒத்துக்கொண்டான். "ஒரு தடவதான கேட்ட."

இரண்டு பேருக்கும் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. ஆனால் இப்போது அவர் எங்கே என்பது முதல் கேள்வியாக இருந்தது. கௌதம்ராஜ் மாரிச்செல்விக்குப் போன் போட்டான். அவள் எடுத்ததும், பெரியப்பா இங்கேதான் இருக்கிறார், என்னோடு தேவதானத்துக்கே வந்துவிட்டார் என்றாள். அவள் அப்பாவிடம், தப்பு என்னுடையதுதான், விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் என்று பெரியப்பா சொன்னாராம். இந்து மதினி பெயரை எடுக்கவே இல்லையாம். சொல்லிவிட்டுப் போனை அவரிடம் கொடுத்தாள். கௌதம்ராஜ் ஸ்பீக்கரைப் போட்டான்.

"என்னப்பா, ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா? தேடிக்கிட்டுக் கெடக்கேன். எப்ப வாறிய?"

"வரல கௌதம். இங்கனயே இருந்துக்கிடுதேன். தம்பிக்கும் தோட்டத்துல ஆள் இல்ல."

"எத்தன நாளைக்கி?"

"இருக்கேன்."

"என்னப்பா இது?"

காசிராஜன் குரலில் வருத்தம் இல்லை. சாமான் வாங்கச் சீட்டுச் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "மாடியில என் ரூமு காலியாத்தான் இருக்கும். கட்டில எடுத்துப் பொறத்தால போட்டுருங்க. இந்துவ அதுல மேசையப் போட்டு உக்காந்து வேலை பாக்கச் சொல்லு. இனிமே யாரும் தட்ட மாட்டாவ."

போன் வைக்கப்பட்டது.

கௌதம்ராஜ் இந்துவைப் பார்த்தான். குற்றம் சாட்டும் பார்வையா, உதவி கேட்கும் பார்வையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவன் பைக்கைத் திருப்பினான். கோதையை டியூஷனிலிருந்து கூட்டி வந்து வீட்டில் விட்டுவிட்டுத் தானே தேவதானம் போய் அவரைக் கூட்டி வருவதாகச் சொன்னான். நீ வீட்டில் இரு என்றான்.

"நீங்க கோதையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க," என்றாள் இந்து. "பேசுனது நான். நான் போறேன்."

"போய் என்ன சொல்லுவ? அப்பிடிச் சொல்லலன்னு சொல்லுவியா?"

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சேத்தூர் வழியாகத் தேவதானம் போகும் பஸ் கிளம்பத் தயாராக நின்றிருந்தது. நடத்துநர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கௌதம்ராஜ் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அவள் ரோட்டைத் தாண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வாருங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும். மாரிச்செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சின்ன மாமா சுந்தரபாண்டியன் என்ன கேட்பார் என்று தெரியவில்லை.  அந்த அறையை விடப் போவதில்லை என்பதும், மாமாவிடம் சொன்ன ஆமாவைத் திரும்ப வாங்கப் போவதில்லை என்பதும் மட்டும் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டே ஒரு மனிதரை வீட்டுக்குக் கூப்பிட முடியுமா என்று பார்க்கத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

தேவதானத்துக்கு ஒரு டிக்கெட் என்றாள்.